புகைபோக்கி இல்லாத பள்ளத்தாக்கும் புகைக்கான சட்டமும்

கூடலூரைத் தாண்டிக் குமுளி மலைச்சாலையில் ஏறுகிறவர்கள், லோயர் கேம்ப்பில் மலையை ஒட்டி இறங்கும் நான்கு ராட்சத இரும்புக் குழாய்களைக் கவனிக்காமல் போக முடியாது. பெரியாற்றுத் தண்ணீர் அவற்றுக்குள் பாய்ந்து வந்து, அடிவாரத்தில் டர்பைன்களைச் சுழற்றிவிட்டு, வயலுக்குப் போகிறது. தேனி மாவட்டத்தில் அனல்மின் நிலையம் எதுவும் கிடையாது. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி என்று பள்ளத்தாக்கின் எந்த ஊரில் நின்று பார்த்தாலும் நிலக்கரிப் புகை கண்ணில் படாது. ஆனால் தண்ணீரும் காற்றும் குறையும் மாதங்களில் இங்குள்ள பம்புசெட்டும் ஸ்பின்னிங் மில்லும் வீட்டு மின்விசிறியும் ஓடுவது, தூத்துக்குடியிலும் எண்ணூரிலும் மேட்டூரிலும் எரியும் நிலக்கரியை நம்பித்தான். அந்தப் புகையைக் கட்டுப்படுத்த வந்த சட்டம் கடந்த பத்தாண்டுகளில் பட்டிருக்கும் பாடு, புகையே இல்லாத இந்தப் பள்ளத்தாக்கையும் சேர்ந்த கதை.

ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் பெரியாற்றில் கட்டிய அணை 1895-ல் திறக்கப்பட்டபோது பாசனம்தான் அதன் நோக்கம். அதே தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் வேலை அறுபது ஆண்டுகளுக்கும் பிறகே நடந்தது. 1958-ல் முதல் இயந்திரம் ஓடத் தொடங்கி, 1965-க்குள் தலா 35 மெகாவாட் திறனுள்ள நான்கு இயந்திரங்கள் வந்து சேர்ந்தன. பின்னாளில் அவை புதுப்பிக்கப்பட்டுத் திறன் கூடியது. இந்த மின் உற்பத்திக்காகக் கேரளத்துக்கு ஒரு கிலோவாட்-ஆண்டுக்கு 12 ரூபாய் என்ற கணக்கில் தமிழகம் தொகை செலுத்த வேண்டும் என்று 1970-ல் ஒப்பந்தமும் போடப்பட்டது. மேகமலையின் ஏரித் தண்ணீரில் ஓடும் சுருளியாறு மின் நிலையம் 1978-ல் தன் பங்குக்கு 35 மெகாவாட் சேர்த்தது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 140 மெகாவாட் திறன் ஒரு மணி நேரம் முழுதாக ஓடினால் 1,40,000 யூனிட் கிடைக்கும். அதே மின்சாரத்தை அனல்மின் நிலையத்தில் எடுக்க ஏறக்குறைய 100 டன் நிலக்கரியை எரிக்க வேண்டும். காற்றில் கலக்கும் கரியமில வாயு சுமார் 140 டன். லோயர் கேம்ப் ஒரு மணி நேரத்தில் மிச்சப்படுத்துவது இவ்வளவு.

ஆனால் அது எல்லா மணி நேரமும் ஓடுவதில்லை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் முதல் உரிமை கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயலுக்கும், வழியிலுள்ள ஊர்களின் குடிநீருக்கும்தான். பருவம் கைகொடுத்தால் ஜூன் முதல் தேதி மதகு திறக்கும். விநாடிக்கு 300 கன அடி வந்தால் சுமார் 27 மெகாவாட் எடுக்கலாம். அணையில் தண்ணீர் குறைந்து குடிநீருக்கு மட்டும் 100 கன அடி திறக்கப்படும் நாட்களில் மின் உற்பத்தி நின்றுபோகும். தண்ணீர் குழாய்க்குள் இறங்காமல் இரைச்சல் பாலம் வழியாகக் கீழே வரும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட ஆண்டில் புனல் மின்சாரத்தை நம்பி யாரும் திட்டம் போட முடியாது. வானிலை தாறுமாறாகும் காலத்தில் முதலில் அடிபடும் தூய மின்சாரம் இதுவே என்பதைப் பள்ளத்தாக்கின் விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தண்ணீருக்கு அடுத்தது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து வழிவிடும் இடங்களில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கப்பட்டு வேகம் பிடிக்கிறது. தமிழ்நாட்டுக் காற்றாலைகளுக்கு அப்படி வாய்த்த கணவாய்கள் நான்கு: ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம். மாநிலத்தின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் வந்தது. தேனிப் பக்கம் அவை பெருகியது 2000-க்குப் பிறகு. இன்று கண்டமனூர், காமாட்சிபுரம், ஓடைப்பட்டி வட்டாரத்து மானாவாரிக் காடுகளில் வரிசை வரிசையாகக் காத்தாடிகள் நிற்கின்றன. பலவற்றுக்குச் சொந்தக்காரர்கள் வெளியூர் மில்காரர்கள். வருமான வரியில் கிடைத்த தேய்மானச் சலுகையும், சொந்த மில்லுக்குச் சொந்த மின்சாரம் என்ற கணக்கும் அவர்களை இங்கே கொண்டுவந்தன.

காத்தாடி வந்த பிறகு மழை குறைந்துவிட்டது என்ற பேச்சு இந்த வட்டாரத்தில் பரவலாக உண்டு. மேகத்தைக் காத்தாடி கலைத்துவிடுகிறது என்பார்கள். பருவமழை மேகங்கள் நிற்பது கிலோமீட்டர் கணக்கிலான உயரத்தில். காற்றாலையின் இறக்கை எட்டுவது தரையிலிருந்து 100, 150 மீட்டர் வரை. ஆகவே மழையைத் துரத்தும் வலு அதற்கு இல்லை. ஆனால் அந்தப் பேச்சுக்கு அடியில் இருக்கும் மனக்குறையை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. நிலம் கைமாறியது, அதில் விளையும் மின்சாரமும் வருமானமும் வெளியே போகிறது, ஊருக்கு மிஞ்சியது சில காவலாளி வேலைகள் மட்டும்தானே என்ற கேள்வி நியாயமானது. காலநிலைக் கொள்கையை ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் ஊருக்கு அதில் ஒரு பங்கு இருக்க வேண்டும்.

காற்று அடிப்பது பெரும்பாலும் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. உச்சத்தில் மாநிலம் முழுவதும் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் காற்றிலிருந்து கிடைத்த நாட்கள் உண்டு. ஆனால் தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது 2024 மே 2-ம் தேதி. அக்னி நட்சத்திரம் தொடங்கும் நேரம். தென்மேற்குக் காற்று இன்னும் வந்து சேராத நேரம். பெரியாற்றுப் பாசன மதகு திறக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிற நேரம். பகலில் சூரிய மின்சாரம் கைகொடுக்கும். பொழுது சாய்ந்தபின் விளக்கும் ஏ.சி.யும் கேட்கும் மின்சாரத்தைப் பெரிதும் நிலக்கரிதான் தர வேண்டியிருக்கிறது.

அந்த நிலக்கரிக்கு வருவோம்.

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் ஐந்து அலகுகள், தலா 210 மெகாவாட், 1979-லிருந்து 1991-க்குள் கட்டப்பட்டவை. ஒடிசாவின் சுரங்கங்களிலிருந்து நிலக்கரி ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. இந்திய நிலக்கரியில் சாம்பல் மிக அதிகம். 30 முதல் 45 சதவீதம் வரை. எரித்தால் சாம்பல் தூசியோடு கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், கொஞ்சம் பாதரசம், பெருமளவில் கரியமில வாயு எல்லாம் வெளிவரும். வெகுகாலம் இந்தியாவில் அனல்மின் நிலையப் புகைக்கு இருந்த நாடு தழுவிய அளவுகோல் தூசிக்கு மட்டுமே. மற்ற வாயுக்கள் எவ்வளவு வெளியேறலாம் என்பதற்கு வரம்பே இல்லாமல் இருந்தது.

அதை மாற்றியது 2015 டிசம்பர் 7-ம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை. அலகின் வயதையும் அளவையும் பொறுத்து வரம்புகள் வகுக்கப்பட்டன. கந்தக டை ஆக்சைடுக்கு, 500 மெகாவாட்டுக்குக் குறைந்த பழைய அலகுகள் ஒரு கனமீட்டர் புகையில் 600 மில்லிகிராம் வரை விடலாம். பெரிய அலகுகளுக்கு 200. 2017 முதல் வரும் புதிய அலகுகளுக்கு 100. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அலகுகளுக்கு இரண்டு ஆண்டு அவகாசம். 2017 டிசம்பரில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. கெடு 2022-க்குத் தள்ளப்பட்டது. 2021 ஏப்ரலில் நிலையங்களை மூன்று வகையாகப் பிரித்து வகைக்கு ஒரு தேதி தரப்பட்டது. 2022 செப்டம்பரில் இன்னும் இரண்டு ஆண்டு. 2024-ன் கடைசி நாட்களில் மீண்டும் மூன்று ஆண்டு. கடைசியாக 2025 ஜூலை 11-ம் தேதி வந்த அறிவிக்கை தேதியைத் தள்ளுவதோடு நிற்காமல் விதியையே சுருக்கியது. டெல்லித் தலைநகர்ப் பகுதிக்கோ பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்கள் மட்டும் 2027 டிசம்பர் 30-க்குள் கந்தக வரம்பை எட்டியாக வேண்டும். கடும் மாசுப் பகுதிகளுக்கும், காற்றுத் தரம் தேறாத நகரங்களுக்கும் அருகில் உள்ளவற்றைப் பற்றி நிபுணர் குழு ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு சொல்லும். மீதமுள்ள, அதாவது நாட்டின் அலகுகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, புகைபோக்கியின் உயரம் விதிப்படி இருந்தால் கந்தக வரம்பிலிருந்து விலக்கு பெறும்.

அரசு சொல்லும் காரணங்களைத் தள்ளிவிட முடியாது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு. நாட்டின் பெரும்பாலான இடங்களில் காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடு அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது. கந்தக நீக்கக் கருவி பொருத்த மெகாவாட்டுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் செலவு. அது கடைசியில் மின்கட்டணத்தில்தான் வந்து விழும். இன்னொரு வாதம் காலநிலையின் பெயரால் வைக்கப்படுகிறது: கருவியை ஓட்டவே மின்சாரம் வேண்டும், சுண்ணாம்புக்கல்லைத் தோண்ட வேண்டும், ஏற்றிவர வேண்டும், சுண்ணாம்புக்கல் கந்தகத்தோடு சேர்ந்து ஜிப்சமாக மாறும்போதும் கரியமில வாயு வெளியாகும். ஆகவே புகையைச் சுத்தம் செய்யப்போய் புவி வெப்பத்தைக் கூட்டுகிறோமே என்கிறார்கள்.

இந்தக் கடைசி வாதம்தான் மிகவும் கவலை தருவது. கருவி கூட்டும் கரியமில வாயு, நிலையம் வெளிவிடும் மொத்தத்தில் மிகச் சிறு பங்கு. கந்தக டை ஆக்சைடோ வாயுவாகவே நின்றுவிடுவதில்லை. காற்றில் கிடந்து சல்பேட் நுண்துகளாக மாறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, நுரையீரலின் அடி வரைக்கும் இறங்கும். புகைபோக்கிக்குப் பக்கத்தில் வாயுவை மட்டும் அளந்துவிட்டு அளவுக்குள் இருக்கிறது என்று சொல்வதில் இந்தப் பாதி விடுபட்டுப்போகிறது. உயரமான புகைபோக்கி அருகிலுள்ள தெருவைக் காப்பாற்றும். தூரத்து ஊருக்கு அது பதில் ஆகாது. புவி வெப்பத்தைக் காரணம் காட்டி மூச்சுக் காற்றை விட்டுக்கொடுக்கச் சொல்வது தவறான பேரம். இரண்டையும் சேர்த்துத் தீர்க்கும் வழி நிலக்கரியைக் குறைப்பது. அதுவரை எரியும் நிலக்கரிக்குப் புகை வரம்பு வேண்டும்.

தூத்துக்குடி, தேசிய தூய காற்றுத் திட்டத்தில் காற்றுத் தரம் தேறாத நகரங்களின் பட்டியலில் உள்ள ஊர். எண்ணூரில் 1970-ல் ஓடத் தொடங்கிய பழைய அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. ஆனால் அதைச் சுற்றி வட சென்னை, வல்லூர் என்று வந்த புதிய நிலையங்களின் சாம்பலும், கொசஸ்தலை ஆற்றில் அது கலந்த வழக்குகளும் தீர்ந்தபாடில்லை. அங்கே மீன்பிடிக்கிறவர்கள் சுமப்பது நம் எல்லோருடைய மின்சாரத்தின் கழிவு.

வெளிநாடுகளிலும் இந்தச் சட்டங்களின் பாதை நேராக இல்லை. அமெரிக்காவில் 2015-ல் ஒபாமா அரசு மின் நிலையங்களின் கரியமில வாயுவுக்கு வரம்பு விதித்தது. அதைப் போன்ற பரந்த அதிகாரம் சுற்றுச்சூழல் முகமைக்கு இல்லை என்று 2022 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024-ல் பைடன் அரசு வேறு வழியில் புதிய விதி கொண்டுவந்தது. 2025-ல் டிரம்ப் அரசு அதை நீக்கும் வேலையைத் தொடங்கியது. பிரிட்டன் வேறு வழியில் போனது. 1882-ல் லண்டனில் நிலக்கரியில் ஓடும் பொது மின் நிலையத்தைத் திறந்த அதே நாடு, 2024 செப்டம்பர் 30-ம் தேதி தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை மூடியது. மூடப்போகும் ஆண்டை அரசு பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லி, அதைப் பின்னால் தள்ளாமல் ஓர் ஆண்டு முன்னுக்கே கொண்டுவந்தது. தொழிலாளருக்கும் முதலீட்டாளருக்கும் தயாராகத் தேதி கையில் இருந்தது. இந்தியாவில் பத்தாண்டாக இல்லாமல் போனது அந்த உறுதிதான். முதலில் கருவி வாங்கிப் பொருத்திய நிலையம் செலவை ஏற்றது. காத்திருந்த நிலையம் விலக்கு பெற்றது. அடுத்து வரும் எந்த விதியையும் யார் அவசரமாக மதிப்பார்கள்?

2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு என்று 2021-ல் கிளாஸ்கோவில் இந்தியா அறிவித்தது. நிறுவப்பட்ட மின்திறனில் பாதி, நிலக்கரி போன்ற புதைபடிவ எரிபொருள் அல்லாததாக இருக்க வேண்டும் என்ற இலக்கை 2030-க்கு முன்பே, 2025-லேயே எட்டியும்விட்டது. இது பெருமைதான். ஆனால் திறன் வேறு, உற்பத்தி வேறு. உண்மையில் ஓடிவரும் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. அந்த இடைவெளியை அடைக்கும் வேலை தேனி மாதிரியான இடங்களில்தான் நடக்கிறது.

தேனி அருகே தப்புக்குண்டில் இருக்கும் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். கம்பம் கணவாய்க் காற்றாலைகளின் மின்சாரத்தைத் திரட்டி வெளியே அனுப்புவதற்கென்றே பசுமை மின்வழித்தடத் திட்டத்தில் கட்டப்பட்டது அது. அந்தத் திட்டத்தில் மத்திய அரசின் மானியம் 40 சதவீதம், ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கிக் கடன் 40, மாநிலத்தின் பங்கு 20. இப்படி ஒரு வழி போதாமல் இருந்த ஆண்டுகளில் காற்று நன்றாக அடிக்கும்போதே இயந்திரங்களை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும். காற்றாலைக்காரர்கள் வெகுகாலம் முறையிட்டது இதைப் பற்றித்தான். காற்று, சூரிய மின்சாரத்தை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதி இருந்தும், தமிழ்நாட்டில் சூரிய மின் நிலையங்கள் அடிக்கடி நிறுத்தப்பட்ட வழக்கில் 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இழப்பீடு தரச் சொன்னது. அதே ஆண்டு மத்திய அரசும் தனி விதி கொண்டுவந்தது.

காற்று கூடும்போது நிலக்கரி இறங்கிக்கொடுக்க வேண்டும். பழைய அனல் அலகுகள் அப்படி ஏறி இறங்கி ஓடக் கட்டப்பட்டவை அல்ல. 2023-ல் மத்திய மின்சார ஆணையம், நிலக்கரி அலகுகள் முழுத் திறனில் 55 சதவீதம் வரை இறங்கி ஓடத் தயாராக வேண்டும், பின்னர் படிப்படியாக 40 வரை, என்று விதித்தது. இதில் ஒரு சிக்கல்: குறைந்த திறனில் ஓடும் கொதிகலன், ஒரு யூனிட்டுக்குக் கூடுதல் நிலக்கரியை எரிக்கும். கந்தக வரம்பும் இல்லாத நிலையம் இப்படி ஓடினால் அதன் புகையை யார் கணக்கெடுப்பது என்பது அடுத்த சில ஆண்டுகளின் பெரிய கேள்வி.

மிஞ்சும் காற்று மின்சாரத்தைச் சேமித்துவைக்க முடிந்தால் இந்தச் சிக்கல் பெரிதும் குறையும். மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேல் ஏரிக்கு ஏற்றி, தேவைப்படும் மாலையில் கீழே இறக்கும் திட்டம் நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட் அளவில் கட்டப்படுகிறது. மலையும் ஏரியும் உள்ள தேனியிலும் செய்யலாமே என்று தோன்றும். ஆனால் மேகமலைக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். அங்கே சுரங்கம் தோண்டுவதற்கு முன்னால் பேட்டரிக் கிடங்குகளையும், ஏற்கெனவே காற்றாலை நிற்கும் நிலத்தையும் முழுதாகப் பயன்படுத்திப் பார்ப்பதே முறை. 20 ஆண்டு கடந்த சிறு இயந்திரங்களை எடுத்துவிட்டு, அதே இடத்தில் பல மடங்கு திறனுள்ளவற்றை நிறுத்த 2024-ல் தமிழ்நாடு தனிக் கொள்கை கொண்டுவந்தது. தேனியின் முதல் தலைமுறைக் காத்தாடிகளும் அந்த வயதை நெருங்குகின்றன.

மில்களுக்கு இன்னொரு கணக்கும் வந்துவிட்டது. கியோட்டோ ஒப்பந்த காலத்தில் தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் தன் உறுப்பினர்களின் காற்றாலைகளைத் தொகுத்துக் கார்பன் வரவுக்குப் பதிவு செய்தது. 2012-க்குப் பிறகு அந்தச் சந்தை விலை அடிமட்டத்துக்குப் போனது. 2023-ல் இந்தியா தனக்கென்று கார்பன் வர்த்தகத் திட்டத்தை அறிவித்தது. அதில் உமிழ்வைக் குறைக்கக் கடமைப்பட்ட தொழில்களில் சிமெண்ட், அலுமினியம், இரும்போடு ஜவுளியும் இடம்பெற்றது. பெரிய ஜவுளி ஆலை இலக்கை எட்டியாக வேண்டும். ஆனால் நாட்டிலேயே அதிகக் கரியமில வாயுவை வெளிவிடும் அனல்மின் நிலையங்கள் முதல் பட்டியலில் இல்லை. ஓட்டை இங்கேதான் இருக்கிறது. இதை அடைக்காமல் 2070 பற்றிப் பேசுவது வீண்.

மின்கட்டணத்தை மாற்றக் கோரும் ஒவ்வொரு மனு மீதும், 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி, மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும். தேனியின் விவசாயியும் சிறு மில் நடத்துகிறவரும் அங்கே எழுத்தில் மனு கொடுக்கலாம். கட்டணத்தோடு சேர்த்து அவர்கள் கேட்கச் சில கேள்விகள் உண்டு. ஆனி, ஆடியில் கம்பம் கணவாய்க் காற்றாலைகளில் எத்தனை யூனிட் எடுக்காமல் விடப்பட்டது? அந்த மணி நேரத்தில் எந்தெந்த நிலக்கரி அலகு எவ்வளவு திறனில் ஓடிக்கொண்டிருந்தது? தூத்துக்குடி, எண்ணூர் புகைபோக்கிகளில் தானாக அளக்கும் கருவிகளின் பதிவு மக்கள் பார்க்கும்படி தமிழில் எப்போது வெளியாகும்? கந்தக நீக்கக் கருவிக்கென்று கட்டணக் கணக்கில் ஏற்கெனவே ஏதேனும் தொகை சேர்க்கப்பட்டிருந்தால், விலக்கு பெற்ற நிலையங்கள் அந்தப் பணத்தை என்ன செய்யப்போகின்றன? 2027 டிசம்பர் 30 என்ற தேதியும் தள்ளிப்போவதற்கு முன்னால் இவற்றைக் கேட்டுவிட வேண்டும்.